எலிசாவுக்கு எடுத்த மீசை

அந்தப் பக்கம் பார்க்காம கேளுங்க அக்கா. டிரைவருக்குப் பின்னாடி சீட்டுல, மீசையில்லாம, மடியில குழந்தையைப் போட்டுத் தட்டிக்கிட்டு இருக்காரே, அவர்தான் எங்க வீட்டுக்காரர். லோகநாதன். ஐயோ, பார்க்காதீங்கன்னேனே! திரும்பிட்டார்னா என்ன பேசறேன்னு கேப்பார். கேக்க மாட்டார், அதுதான் ரோதனையே. எதையும் கேக்கவும் மாட்டார், சொல்லவும் மாட்டார்.

மாமனார் தவறிட்டாரான்னு கேட்டீங்களே, கிருஷ்ணகிரில ஏறினதுமே. நீங்க கேட்டதுல தப்பே இல்லை. ஆம்பளை மீசையை எடுத்துட்டு வந்தா யாரும் அப்படித்தான் கேப்பாங்க. எங்க பக்கம் பெத்தவங்க போனாத்தான் மீசையை எடுக்கறது. எங்க மாமனார் நல்லாத்தான் இருக்கார். காலையில ஃபோன் பண்ணி, வர்ற வழியில நல்ல தக்காளியாப் பார்த்து வாங்கிட்டு வாங்கன்னார். மாமியாருக்கும் ஒண்ணும் இல்லை. அவங்க நம்ம ரெண்டு பேரையும் தூக்கி அடுக்கி வெச்சுருவாங்க.

இவரு மீசை எடுத்தது ஒரு பாட்டுக்காரனுக்கு.

சிரிக்காதீங்க. இல்லை, சிரிங்க, நானும் சிரிச்சேன். ஆனா பின்னாடி சிரிச்சேன். முதல்ல சிரிப்பு வரலை.

நீங்க சேலத்துல எங்க இறங்கணும்? அம்மாபேட்டையா? அங்க யாரு வீட்டுக்கு? சும்மா கேட்டேனுங்க, பழக்கம். எனக்குச் சந்தேக புத்தியெல்லாம் கிடையாது. விசாரிச்சுக்குவேன், அவ்வளவுதான். விசாரிக்கிறது வேற, சந்தேகப்படறது வேற. எங்க அத்தைக்கு அந்த வித்தியாசம் தெரியாது. இவரு சட்டையைத் துவைக்கப் போடறதுக்கு முந்தி நான் மோந்து பார்த்தா, 'என்னடி நாயாட்டம்'ம்பாங்க. சாயம் படிஞ்சிருக்கான்னு பார்க்கறேன் அத்தைன்னுருவேன். உண்மையில சாயத்துக்குந்தான். இவருக்குத் திருப்பூர்ல பனியன் பிரிண்டிங் வேலை. சட்டை மேல படம் அச்சடிக்கறது. நீளமா டேபிள் இருக்கும், அதுல பனியன் துணியை ஒட்டி, சட்டத்தை வெச்சு, சாயத்தை ஊத்தி ரப்பரால ஒரே இழுப்பு. இவரு இழுத்தா பிசிறு அடிக்காது. அதை நான் சொல்லக்கூடாது, ஓனரே சொல்லுவார்.

சரி, அன்னைக்கு என்னாச்சு? சாயங்காலம். நான் தோசை ஊத்திக்கிட்டு இருக்கேன். வாசல்ல யாரோ நிக்கறாங்க. குழந்தை ஓடிப் போய்ப் பார்த்துட்டு வீல்னு கத்தறான். அப்பனை அவனுக்கே அடையாளம் தெரியலை. அத்தை வெளியில வந்து பார்த்துட்டு மாரைப் பிடிச்சுக்கிட்டாங்க.

"அடப் பாவி! நானும் உங்கப்பனும் குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கோம், யாருக்குடா மழிச்சுட்டு வந்தே?"

"எலிசாவுக்கும்மா."

"அது யாருடா எலிசா?"

அவ்வளவுதான். குளியலறைக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டார். குழாயைத் திறந்து விட்டு அழுதார் அக்கா. குழாய்ச் சத்தத்துல கேக்காதுன்னு நினைச்சுக்கிட்டார். எனக்குக் கேட்டுது. தொட்டி நிறைஞ்சு வழியற வரைக்கும் அழுதார்.

நீங்க சொல்லுங்க, எலிசான்னா என்ன நினைப்பீங்க? நானும் அதைத்தான் நினைச்சேன். அத்தையும் அதைத்தான் நினைச்சாங்க. அத்தை என்னைப் பார்த்தாங்க, நான் அத்தையைப் பார்த்தேன், தோசை கருகிப் போச்சு. கல்யாணமாகி வந்ததுல இருந்து நாங்க ரெண்டு பேரும் ஒரே மாதிரி நினைச்சது அன்னைக்குத்தான்.

மறுநாள் இவரு வேலைக்குப் போனதும் பீரோவைக் கொட்டினேன். கறுப்புச் சட்டையா வருது. எல்லாத்துலயும் ஒரே முகம். கண்ணுல மை, அப்பிக் கிடக்கு. முடி தோளுக்கு. விரல் நகத்துக்குக் கறுப்புச் சாயம். காதுல கம்மலுக்குப் பதிலா ஊக்கு! சரி, பொம்பளைதான், அதுவும் நல்ல பொம்பளை இல்லைன்னு முடிவு பண்ணிட்டேன். கொஞ்ச நேரம் அந்த முகத்தை வெச்சுப் பார்த்துக்கிட்டே இருந்தேன். என்னைவிட அழகில்லை. அது ஒரு ஆறுதல்.

ராத்திரி சாப்பாடு போடும்போது சட்டையை எடுத்து முன்னாடி வெச்சேன். "இவளுக்கும் உங்களுக்கும் எத்தனை நாளாப் பழக்கம்?"

இவரு சோத்தைப் பிசைஞ்சுக்கிட்டே, "அவன் ஆம்பளை பானு" அப்படின்னார்.

கிறிஸ்தவங்களாம், அவங்க வேதத்துல எலிசான்னு ஒரு தீர்க்கதரிசி இருக்காராம். அந்தப் பேராம். கோலார் தங்கவயல் ஆளு. தமிழ்க்காரங்கதான், அங்க சுரங்க வேலைக்குன்னு தாத்தா காலத்துல போனவங்க. 'தகரடப்பா'ன்னு ஒரு குழு வெச்சுப் பாட்டுப் பாடறவன். பங்க் ராக்காம். பெட்ரோல் பங்க்குக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லையாம், கேட்டுட்டேன். போட்டுக் காட்டினார். பாத்திரக் கடைக்குள்ள லாரி புகுந்த மாதிரி ஒரு சத்தம். அதுக்குள்ள ஒருத்தன் தொண்டை கிழியக் கத்தறான். இதுக்கா மீசையை எடுத்தீங்கன்னேன். அடுத்த பாட்டைப் போட்டார்.

மஞ்சக்காமாலையில போயிட்டானாம். சின்ன வயசு. குடிச்சிருப்பான்னு நினைச்சேன். ஒரு சொட்டுத் தொட்டதில்லைன்னு நேத்துத் தங்கவயலுக்குப் போனப்ப அவங்கம்மா சொன்னாங்க. அதை நான் முழுசா நம்பலை, ஆனா பெத்தவகிட்ட அதையெல்லாம் கேக்க முடியுமா?

ஆம்பளைன்னு தெரிஞ்சதும் அத்தை நிம்மதியாப் போய்ப் படுத்துட்டாங்க. எனக்கு அப்பத்தான் தூக்கம் போச்சு. பொம்பளைன்னா காரணம் புரியுது. ஒரு ஆம்பளை, சொந்தமில்லை, சாதிசனமில்லை, ஊரும் வேற. அவனுக்கு எதுக்கு இவ்வளவு கண்ணீர்? உள்ள வேற ஏதோ இருக்கு. என் மனசுக்குத் தோணிருச்சுன்னா அது சும்மா தோணாது.

ஏன்னா இவரு அழற ஆளு இல்லைங்க. அதை உங்ககிட்டச் சொல்லியே ஆகணும். எனக்கு இந்த மகிழனுக்கு முந்தி ஒண்ணு தங்கலை. எட்டாம் மாசம். அசைவு நின்னு போச்சு, ஆஸ்பத்திரிக்குப் போனா உசுரு இல்லைன்னுட்டாங்க. எடுத்துப் போட்டாங்க. நான் தலையணையைக் கடிச்சுக்கிட்டு அழறேன், எங்கம்மா அழறாங்க, எங்க அத்தைகூட அழுதாங்க. இவரு கண்ணுல ஒரு பொட்டுத் தண்ணி இல்லை. கல்லு. அந்த வாரமே டேபிளுக்குப் போயிட்டார். பால் கட்டிக்கிட்டு நான் காய்ச்சல்ல கிடக்கேன், இவரு ஓவர்டைம் பார்க்கறார்.

செத்துப் பிறந்ததுக்கு எங்க பக்கம் எதுவும் செய்யறதில்லை. காரியம் கிடையாது, தீட்டு கிடையாது, பேரும் கிடையாது. பேர்தான் பிறந்தப்புறம் தொட்டில் போட்டு வைக்கறதாச்சே. "அதைப் பத்தி இனி யாரும் வாய் திறக்கக் கூடாது, அடுத்தது நிக்கணும்ல"ன்னு அத்தை சொல்லிட்டாங்க. நானும் திறக்கலை. அவரும் திறக்கலை. அடுத்தது நின்னுது, இதோ தூங்கறான். அது அப்படியே முடிஞ்சு போச்சு.

ஆனா ஒரு பொம்பளை மனசுல அது இருக்குமில்ல? பெத்த குழந்தைக்கு அழாதவன், எவனோ ஒரு தகரடப்பாவுக்குத் தொட்டி நிறைய அழறான்னா நான் என்ன நினைக்கறது?

அதனால விசாரிச்சேன். இவரு குளிக்கப் போறப்ப ஃபோனை எடுத்துப் பாட்டெல்லாம் கேட்டேன். ஒண்ணு விடாம. எதுலயாவது எங்க ஊரு பேரு வருதா, ஏதாவது பொம்பளை பேரு வருதான்னு. அடுப்படியில வெச்சுக் கேட்டேன், துணி அலசறப்பக் கேட்டேன். கேக்கக் கேக்க வார்த்தை புரியுது அக்கா. சத்தத்துக்குள்ள தமிழ்தான் பேசறான். மேஸ்திரியைத் திட்டறான், மூடின சுரங்கத்தைத் திட்டறான், தண்ணி வராத குழாயைக்கூடத் திட்டறான். அது எனக்குப் பிடிச்சிருந்தது. மகிழன் இப்ப அந்தப் பாட்டைப் போட்டாத்தான் வாயைத் திறந்து சோறு வாங்கறான். எல்லாம் விசாரணைக்காகக் கேட்டதுதான்.

அதுல ஒரு பாட்டு இருக்கு.

"எங்க பேரு எங்கடா? எலும்புக்குள்ள இருக்குடா"ன்னு வரும். பாதியில கிட்டாரெல்லாம் நின்னு போயிரும். மேளம் மட்டும் தனியா அடிக்கும். எலிசா கையைத் தூக்குவான். தூக்கினதும் கூட்டத்துல இருக்கறவங்க எல்லாரும், அவங்கவங்க வீட்டுல செத்துப் போனவங்க பேரைக் கத்தணும். ஒரே நேரத்துல. யாரு யாரு பேரைச் சொன்னாங்கன்னு யாருக்கும் கேக்காது. கேக்கக் கூடாதுன்னுதான் அப்படி. சுரங்கத்துல வேலை பார்த்துப் போனவங்க பேரைச் சொல்ல ஆரம்பிச்சு, அப்புறம் அவங்கவங்க பேராயிருச்சாம்.

அந்த வீடியோ ஒண்ணைப் பார்த்துக்கிட்டு இருக்கேன், முன்வரிசையில எங்க வீட்டுக்காரர்!

கோயமுத்தூர்ல நடந்ததாம். ஞாயித்துக்கிழமை. ஓவர்டைம்னு சொல்லிட்டுப் போன ஞாயித்துக்கிழமை. கறுப்புச் சட்டை போட்டுக்கிட்டு, கழுத்து நரம்பு கயிறாட்டம் புடைக்க, வாயைப் பிளந்து யாரு பேரையோ கத்தறார். என் கழுத்துல தாலி கட்டறப்பக்கூட இவரு வாயிலிருந்து சத்தம் வந்ததில்லை. நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். உதட்டைப் பெருசாக்கிப் பார்த்தேன். என்ன பேருன்னு தெரியலை. இவங்க வீட்டுல சமீபத்துல யாரும் சாகலை. தாத்தா பாட்டியெல்லாம் இவரு பிறக்கறதுக்கு முந்தியே போயிட்டாங்க. அப்ப யாருக்காக அந்தக் கத்து? கல்யாணத்துக்கு முந்தி யாரையாவது நினைச்சு, அவ செத்துப் போயிட்டாளா? நினைச்சுப் பாருங்க. உயிரோட இருக்கறவளா இருந்தா தலைமுடியைப் பிடிச்சு இழுத்து வந்து கேக்கலாம். செத்தவகிட்ட எப்படிச் சண்டை போடறது?

கேட்டேன். "யாரு பேரைக் கத்தறீங்க?" என்னை ஒரு மாதிரி பார்த்தார். "அதைச் சொல்லக் கூடாது பானு. உனக்கு வலிக்கும்" அப்படின்னார். பாருங்க! எனக்கு வலிக்குமாம். இதுக்கு மேல என்ன அத்தாட்சி வேணும்?

முப்பதாம் நாள் ஜெபம்னு அவங்க ஊர்ல வெச்சிருந்தாங்க. அதுவரைக்கும் இவரு மீசையை முளைக்கவே விடலை, தினமும் மழிச்சார். ஜெபம் முடிஞ்சு மைதானத்துல அந்தக் குழு வாசிக்கப் போறாங்கன்னார். போயிட்டு வரட்டுமான்னார். நானும் வரேன்னேன். பக்கத்துல நின்னு காதால கேட்டுடறதுன்னு முடிவு. மூஞ்சியைச் சுளிப்பார்னு பார்த்தா, சந்தோசப்பட்டார் அக்கா. "நிசமா வர்றியா?"ன்னு கேட்டு, குழந்தைக்கு அவரே துணி எடுத்து வெச்சார். அதுலதான் என் சந்தேகம் இன்னும் ஏறிப் போச்சு.

நேத்துத்தான் அது. தங்கவயல் ஊரே ஒரு மாதிரி, பெரிய பெரிய மண்மேடு, சின்னச் சின்ன வீடு. எலிசா வீட்டு வாசல்ல ஷாமியானா. இந்தப் பக்கம் வெள்ளைச் சேலை கட்டின அம்மாக்கள் கையில வேதப்புஸ்தகத்தோட உட்கார்ந்திருக்காங்க. அந்தப் பக்கம் பச்சை முடி, சேப்பு முடி, பாதி மழிச்ச முடின்னு பெங்களூர்ப் பிள்ளைங்க. எல்லார் காதுலயும் சட்டையிலயும் ஊக்கு. ஒருத்தரும் சிரிக்கலை. பச்சை முடிக்காரி ஒருத்தி சுவத்துல சாய்ஞ்சு மூக்கைச் சிந்திக்கிட்டு இருந்தா. என் கழுத்தைப் பார்த்தா. நம்மதான் அவசரத்துக்குன்னு தாலிக்கொடியில நாலு ஊக்கு மாட்டி வெச்சிருப்போம்ல? "அக்கா, செம"ன்னுட்டு அழுகையோட சிரிச்சா. அவ சட்டை தோள்ல கிழிஞ்சு தொங்குச்சு. ஒரு ஊக்கைக் கழட்டி நானே குத்தி விட்டேன். வேணும்னேதான் கிழிச்சு விட்டிருந்தாளாம், இவருதான் பின்னாடி சொன்னார், ஆனாலும் ஊக்கைக் கழட்டலை, நல்ல பிள்ளை.

எலிசாவோட அம்மா இவரைப் பார்த்ததும் எழுந்து வந்துட்டாங்க. "டீசர்ட் லோகுதானே?"ன்னு கேக்கறாங்க. எப்படித் தெரியும்? முதல் தடவை சட்டை அச்சடிச்சது இவராம். சின்ன ஆர்டர், அந்தப் பசங்களே வேன் எடுத்துட்டு வந்து வாங்கிட்டுப் போனாங்களாம். "அன்னைக்கு நீ ரொம்ப நேரம் பேசிக்கிட்டு இருந்தியாமே, அவன் வந்து எங்கிட்டச் சொன்னான்"ங்கறாங்க. பேசினாராம்! எங்க வீட்டுக்காரர்! ரொம்ப நேரம்! எப்பன்னு கணக்குப் போட்டா, நான் பால் கட்டிக்கிட்டுக் காய்ச்சல்ல கிடந்தேன்னேனே, அந்த வாரம். வீட்டுல என்கிட்டப் பேச வார்த்தை இல்லை, யாரோ ஒருத்தன்கிட்டப் பேசியிருக்கார்.

அந்தம்மா இவரு உதட்டுக்கு மேல கையை வெச்சுத் தடவினாங்க. "எங்களுக்கு இந்த வழக்கம் இல்லை தம்பி. ஆனாலும் என் பிள்ளைக்குச் செஞ்சியே"ன்னாங்க. இவரு தலையைக் குனிஞ்சுக்கிட்டார். அடுத்தவங்க புருசன் உதட்டைத் தடவறது எனக்குப் பிடிக்கலை, இருந்தாலும் பிள்ளையைப் பறிகொடுத்தவங்க. விட்டுட்டேன்.

இருட்டறதுக்கு முந்தி மைதானத்துல ஆரம்பிச்சாங்க. நடுவுல மைக்கை மட்டும் நிறுத்தி வெச்சிருந்தாங்க, ஆளில்லாம. பாட்டைக் கூட்டம்தான் பாடுச்சு. புழுதி கிளம்ப ஒருத்தரை ஒருத்தர் இடிச்சுக் குதிக்குதுங்க, கீழ விழுந்தா நாலு பேர் தூக்கி விடுதுங்க. மகிழனுக்கு ஒரே கும்மாளம். எனக்கும் வாய் அதுபாட்டுக்குப் பாடுச்சு. பழக்க தோசம். அழுகைகூட வந்துச்சு, அது புழுதி.

அந்தப் பாட்டு வந்துது. நான் குழந்தையை இடுப்புல மாத்திக்கிட்டு இவரை ஒட்டி நின்னேன். பச்சை முடிக்காரி அந்தப் பக்கம் நின்னா. "அக்கா, உங்க பேரு ரெடியா?"ன்னா. "எங்க வீட்ல யாரும் சாகலை கண்ணு, எல்லாரும் நல்லாருக்காங்க"ன்னேன். இவரு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

கிட்டார் நின்னுது. மேளம் மட்டும். யாரு கையைத் தூக்கறதுன்னு எல்லாரும் பார்க்கறாங்க. மேளக்காரன் அந்தம்மாவைப் பார்க்கறான். அந்தம்மா வெள்ளைச் சேலையோட நடந்து வந்து, ஆளில்லாத மைக் பக்கத்துல நின்னு, கையைத் தூக்கினாங்க.

அவ்வளவு பேரும் எலிசா பேரைத்தான் கத்துவாங்கன்னு நினைச்சேன். இல்லை. அவங்கவங்க பேரு. நான் எம்பி, இவரு வாய்கிட்டக் காதை வெச்சுட்டேன். காது கொய்ங்குன்னு போச்சு. ஆனா தெளிவாக் கேட்டுது.

தேன்மொழி.

"தேன்மொழீ!" மறுபடி மறுபடி. கண்ணை மூடிக்கிட்டு. கண்ணுல தாரையா ஊத்துது.

இப்பச் சொல்லுங்க. நான் சந்தேகப்பட்டது தப்பா? பொம்பளை பேரு! நேத்துச் சாயங்காலத்துல இருந்து யாரு இந்தத் தேன்மொழின்னு மண்டையைக் குடையறேன். கம்பெனியில செக்கிங்ல ஒரு தேன்மொழி இருந்தா, ஆனா அவ பல்லடத்துல கடை வெச்சு நல்லா இருக்கா, போன மாசம்கூட ஜாக்கெட் துணி எடுத்தேன். இவங்க ஊர்ல விசாரிக்கணும். பள்ளிக்கூடத்துல கூடப் படிச்சவளா இருக்கலாம். போனதும் அத்தைகிட்டக் கேக்கறேன். நேத்து ராத்திரி அந்த ஊரு சர்ச் ஹால்ல தங்கினோம், இவரு குழந்தையைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு நிம்மதியாத் தூங்கறார். எனக்கு ஒரு பொட்டுத் தூக்கம் இல்லை. செத்தவளா இருந்தாலும் என்ன வயசு, எந்த ஊரு, எப்படிப் போனா, எனக்குத் தெரியணுமா வேண்டாமா? நான் கட்டினவ இல்லையா?

ஏன் இப்படிப் பார்க்கறீங்க?

முதல் குழந்தையா? அதை எதுக்கு இப்பக் கேக்கறீங்க?

பொண்ணுங்க. பொண்ணுன்னு அந்த நர்ஸம்மா சொன்னாங்க. நான் பார்க்கலை, அப்ப மயக்கத்துல கிடந்தேன். முழிச்சப்புறமும் பார்க்க வேண்டாம், பார்த்தா மறக்காதுன்னு எங்கம்மா சொல்லிட்டாங்க. இவருதான் துணியில சுத்தி வாங்கிட்டுப் போனார். தனியாத்தான் போனார். முகத்தைப் பார்த்தது இவரு ஒருத்தர்தான்.

இவரு ஒருத்தர்தான்...

அக்கா, காலைக் கொஞ்சம் ஒதுக்குங்க. இல்லைங்க, இறங்கலை. வண்டி போகட்டும், கம்பியைப் பிடிச்சுக்கிட்டுப் போயிருவேன். அவரு பக்கத்துல ஒரு பெரியவர் உட்கார்ந்திருக்கார் பாருங்க, அவரை இந்தச் சீட்டுக்கு வரச் சொல்றேன். நீங்க ஒண்ணும் நினைச்சுக்காதீங்க. சேலம் வர்ற வரைக்கும் நான் அங்க உட்கார்ந்துக்கறேன்.